நாலாவது வாய்ப்பு

நாலு வாய்ப்பு, பத்து கெஜம்.
மூன்றிலும் முட்டி மோதி
ஒரு முழம்கூட நகராதபோது
பயிற்சியாளர் பிரெக்கி என் பக்கம் திரும்புவதில்லை,
கையை மட்டும் பின்னால் நீட்டி
விரலைச் சொடுக்குவார்.
இந்த வருடம் என் பெயர் அதுதான்.

கால்பந்து என்கிறோம்.
அறுபத்தெட்டுப் பேரில்
காலுக்கு வேலை இருப்பது இரண்டு பேருக்கு.
வெர்னன் டீட்ஸ் புள்ளிக்காக உதைப்பவன்,
அவனுக்குச் செப்டம்பர் முழுக்க விடுமுறை.
மற்றவன் நான்.
எங்களால் முடியவில்லை என்பதைக்
கூட்டத்துக்கு முன்னால் ஒப்புக்கொண்டு,
இந்தா, கொஞ்சம் தள்ளிப் போய் எடுத்துக்கொள் என்று
எதிராளிக்கே பந்தை உதைத்துக் கொடுப்பவன்.

முதல் ஆட்டத்தில் ஒன்பது தடவை.
அடுத்ததில் பதினொன்று.
அப்புறம் நான் எண்ணவில்லை;
உள்ளூர் வானொலிக்காரர் விடுவதாயில்லை.
"இதோ மறுபடியும் ஹாகெருட்!
வடக்கு டகோட்டாவிலேயே
அதிகம் உழைக்கும் மனிதர்!"
பீட்ரூட் லாரி ஓட்டிக்கொண்டே கேட்ட அப்பா
வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தாராம்.
இருபது மணி நேரமாகத் தூங்காதவர்.

அக்டோபரில் சர்க்கரை ஆலை வாசலில் நின்ற கூட்டம்
எங்கள் மைதானத்தில் இல்லை.
காற்று இருந்தது.
கனடா வரைக்கும் அதை மறிக்க ஒரு மரம் கிடையாது.
ஒருநாள் நான் உதைத்த பந்து
மேலே போய், யோசித்து,
என் தலையைத் தாண்டித் திரும்பி வந்து
முதுகுக்குப் பின்னால் விழுந்தது.
கழித்தல் நாலு கெஜம் என்று குறித்துக்கொண்டார்கள்.
காற்றின் பெயரை எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

ரோனல் பத்தீஸ்த் எங்கள் குவார்ட்டர்பேக்.
புளோரிடாவில் கரும்புக்காட்டு ஊர்.
"இங்கே சர்க்கரை மண்ணுக்கு அடியிலா?" என்று
வந்த வாரமே ஆச்சரியப்பட்டான்.
அவன் வெளியே வரும் வழியில்தான்
நான் உள்ளே போக வேண்டும்.
முதலில் என் முகம் பார்க்கமாட்டான்.
பிறகு "மன்னிச்சுக்கோ" என்றான் சில வாரம்.
ஏழாவது தோல்விக்குள்
வேலை மாற்றிக்கொள்ளும் காவலாளிகள் மாதிரி
தோளில் தட்டிவிட்டுக் கடந்தோம்.

ஒன்பது ஆட்டம், ஒன்பது தோல்வி.
பத்தாவது அன்று பனி.
ரோனல் கையை நீட்டி ஏந்தி
கொஞ்சம் நக்கிப் பார்த்தான்.
அதற்குப் பிறகு அவனை
யாராலும் பிடிக்க முடியவில்லை.

முதல் பாதி முடிந்தது, விரல் சொடுக்கவில்லை.
ஓரத்து வலையில் நானே உதைத்துக்கொண்டேன்,
உட்கார்ந்தேன், எழுந்தேன்.
கால் விறைத்தது.
வெர்னன் நாலாம் முறையாக உள்ளே ஓடினான்,
புதுமாப்பிள்ளை நடையில்.

கடைசிக் கால்பகுதி. மூன்றாவது வாய்ப்பு, எட்டு கெஜம்.
தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை:
அவன் விழட்டும் என்று
எனக்குள் ஏதோ ஒரு ஓரம் வேண்டிக்கொண்டது.
இரண்டு பேர் இடுப்பைக் கட்டியிருக்க
முன்னோக்கியே சரிந்தான்.
சங்கிலியை இழுத்து வந்து அளந்தார்கள்.
பந்தின் மூக்கு நுனி, அவ்வளவுதான் மிச்சம்,
அது எங்கள் பக்கம்.
கவசத்தைக் கழற்றினேன்.
கத்தினேன். எல்லோரையும்விடச் சத்தமாக
என்றுதான் நினைக்கிறேன்.

வென்றோம்.
சேறும் பனியும் ரத்தமுமாய்
என்னையும் இழுத்துப் போட்டுப் புரண்டார்கள்.
அதில் பட்டதுதான் என் சட்டையில் இருந்த அழுக்கு.

இரவு அப்பா போன் செய்தார்.
லாரியில் முழு ஆட்டமும் கேட்டாராம்.
ஜெயித்ததைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்,
வெர்னனைப் பற்றி, அந்தச் சங்கிலியைப் பற்றி.
பிறகு தயங்கி,
"உன் பேரே வரலியேடா,
இன்னைக்கு நீ போகலையா?" என்றார்.

போனேன்ப்பா.
மூணு மணி நேரம்
அங்கேயேதான் நின்னுகிட்டிருந்தேன்.