பதினொன்றாம் அடி

உன்னிச்சைக் குளத்தில் மாதங்களை
நான் கலண்டரில் பார்ப்பதில்லை.
துருசடியில் நட்ட அளவுக்கம்பத்தில் பார்ப்பேன்.

மார்கழி என்றால் முப்பத்திரண்டு.
வான் பாயும் சத்தத்தில் பேச்சு கேட்காது.
கலங்கல் தண்ணீரில் என் வலைக்கு வேலையில்லை.
குளத்து மீன் வயலுக்கும்
வயல் பாம்பு குளத்துக்கும் இடம் மாறும் நாட்கள்.
வீட்டிலிருந்து வலை பொத்துவேன்:
தங்கூசி, மூன்றரைக் கண்,
ஒரு கண் விட்டால் ஒரு விரால் போச்சு.

தையில் தெளியும்.
பனிக்குள் வள்ளம் தள்ளினால்
துடுப்புத்தான் முதலில் விழிக்கும், பிறகுதான் கை.
திலாப்பியா கரையோரம் வந்து
வாயால் மண் நோண்டிக் குழி போடும்,
யாரோ கோப்பையை அமத்தி எடுத்த தடம் மாதிரி.
குழிகளின் மேல் வலை விடக்கூடாது, சங்கத்துச் சட்டம்.
விட்டிருக்கிறேன்.
சீட்டுக்காசு முட்டிய மாதம் அது.
வாய் நிறையக் குஞ்சோடு ஒருத்தி பட்டாள்.
வள்ளத் தட்டில் துப்பினாள்.
குஞ்சுகளை அள்ளித் தண்ணீரில் விட்டேன்,
அவளை உவைசின் தராசில் போட்டேன்.

பங்குனி. இருபத்தாறு.
ஆழத்துக்கு இறக்கிய வலை விடியலில் இல்லை.
புது வலை, பன்னிரண்டாயிரம்.
பக்கத்தில் விட்டிருந்தவன் கிருபைராசா.
சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று
"களவெடுத்த கை தண்ணிக்குள்ளயும் நாறும்" என்றேன்.
அவன் வாய் திறக்கவில்லை.
"நீ கண்ணால கண்டியாகா?" என்று தலைவர் கேட்டார்.
காணவில்லை. ஆனாலும் உட்காரவில்லை.
மறுநாள் அவன் வள்ளம் தெற்குக் கரைக்குப் போய்விட்டது.

சிறுபோகத்துக்குத் துருசு திறந்தார்கள்.
இருபது, பதினெட்டு, பதினாறு.
தண்ணீர் குறைய மீன் நெருங்கும்,
மீன் நெருங்க விலை இறங்கும்.
உவைஸ் ஏறாவூரிலிருந்து
ஐஸ்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிளில் வந்து
"இண்டைக்கு எல்லாக் குளத்திலயும் மீன்தானே" என்பான்.
மார்கழியிலும் அதையேதான் சொல்வான்.

ஆடியில் கச்சான்.
வலை காற்றோடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
யானைகள் நாலரைக்கே இறங்கிவிடும்.
ஒரு இரவு டோர்ச் வெளிச்சத்தில்
தண்ணீருக்கு மேல் இரண்டு சிவந்த கண்.
அணைத்தேன். அது போனதா என்று
இன்றுவரை தெரியாது.

ஆவணி. பதினொன்று.
நான் குளத்துக்கு வந்த ஒன்பது வருஷத்தில்
கம்பம் அவ்வளவு இறங்கியதில்லை.
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு பாலைமரம்,
பட்டை இல்லை, இலை இல்லை,
கொப்பு மட்டும் இரும்பு மாதிரி.
அதில் என் வலை.
மிதப்பில் நான் கட்டிய பச்சைச் சீலைத்துண்டு.
அதற்குக் கீழே இன்னொரு வலை, நீலக் கயிறு,
இடக்கைக்காரன் போட்ட முடிச்சு.
இந்தக் குளத்தில் இடக்கை ஒருவனுக்குத்தான்.
அவனும் இழந்திருக்கிறான். யாரையும் கேட்கவில்லை.

என் வலைக் கண்களில்
முள், செதில், முள், ஒரு ஆமை ஓடு.
நான் இல்லாமலே அஞ்சு மாதம்
மீன் பிடித்திருக்கிறது,
ஒருத்தருக்கும் விற்காமல்.

வெட்டி எடுக்க இரண்டு நாள்.
அவனுடையதை உரப்பையில் கட்டி உவைசிடம் கொடுத்தேன்.
"என்னெண்டு சொல்ல மறுகா?"
"ஒண்டும் வேணாம்."
பதில் வரவில்லை. பையும் திரும்பி வரவில்லை.

புரட்டாதியில் ஒரு காலை
மரத்து உச்சியில் வெள்ளைக் கேன் கட்டியிருந்தது.
நீலக் கயிறு. அதே முடிச்சு.
எனக்கும் தெரியட்டும் என்றா,
இல்லை தன் வலைக்காகவா,
கயிற்றைக் கேட்க முடியாது.
இருபத்தைந்து அடி மிச்சம் விட்டுச் சுருட்டியிருந்தான்.
மார்கழியையும் எண்ணித்தான்.

மழை பிடித்துவிட்டது.
மரம் போனது. இப்போது முப்பது.
கேன் மேலேதான் ஆடுகிறது.
தையில் சங்கக் கூட்டம், எழும்பவேண்டும்.
சொல்லவேண்டியதில் முதல் வரி மட்டும்
பொத்தி முடித்திருக்கிறேன்,
அதிலும் ஒரு கண் பெரிது.