ஆறாவது வழி

அந்த அனிமேயில் முதலில் காலியாவது சாலைதான்.
கதவு திறந்தபடி நிற்கும் கார்கள்,
அணையாமல் கண்சிமிட்டும் ஒரு இண்டிகேட்டர்,
ஆளில்லை, ஹாரனில்லை.
பிணங்கள் எழுந்து வருவதற்கு முந்தைய
அந்த ஒரு நிமிடத்தைத்
திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
அப்படியொரு நிமிடம் கிடைப்பதில்லை.
ஓசூர் பக்கமிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள்.
பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை
பெங்களூரே கடிபட்டு ஓடிவருவதுபோல
மூன்று கிலோமீட்டருக்கு விளக்கு.
டேக் படிக்காவிட்டால்
கண்ணாடி இறங்கும், கை நீளும்,
கையைத் தொடர்ந்து வாய்.
“பேலன்ஸ் இருக்கும்மா. உன் மெஷின்தான் செத்துப்போச்சு.”
செத்த மெஷினைத் துப்பட்டா நுனியால் துடைக்கிறேன்.
சில நேரம் எழுந்துகொள்ளும்.

ஏழாவது வழியில் நஸ்ரீன்.
ஒரே தொடரை ஒரே ராத்திரியில் பார்க்கிறோம்,
ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டி.
மறு காது முனிராஜ் சாரின் பூட்ஸுக்கு.
ஜப்பான் பாஷை தெரியாது,
அடியில் ஓடும் ஆங்கிலம் பாதி தெரியும்.
‘ஓடு’வுக்கும் ‘கதவைச் சாத்து’வுக்கும்
பாஷை எதற்கு?

மூன்று மணிக்கு லாரிகள் கொஞ்சம் மூச்சுவிடும்.
பழைய ரசீதின் பின்பக்கம் திட்டம் போடுவோம்.
வந்துவிட்டால் எங்கே போவது?
அணைக்கு என்றேன், மீன் இருக்கும்.
“ரெண்டு பக்கமும் வழி. வளைச்சிடும்ங்க.”
அவள் சொன்னது சையத் பாஷா மலை.
ஏற ஒரே பாதை, மேலே பாறைக்குள் சுனை.
கோட்டை கட்டினவன் நம்மை நினைச்சுத்தான் கட்டியிருக்கான் என்றாள்.
சாப்பாட்டுக்கு மாம்பழக்கூழ் ஃபேக்டரி.
அரிசி தீரும், கேஸ் தீரும்,
அந்த டின்கள் நம் ஆயுசுக்கும் தீராது.
“வயிறு போயிடும்டி.”
“போகட்டும். உசுரு இருக்குமில்ல.”

யாரைக் கூட்டிப்போவது என்பதில்தான் சண்டை.
அண்ணன் திம்மராயன் வேண்டும், டிராக்டர் ஓட்டுவான்.
அண்ணியும் வேண்டும், அரிவாள்
அந்த வீட்டில் அவளுக்குத்தான் பேசும்.
குழுக்கடன் வசூலுக்கு வரும் பையன்?
ரொம்ப நேரம் யோசித்தோம்.
கீழேயே கிடக்கட்டும் என்றேன்.
பாவம், அவனுக்கும் டார்கெட் என்றாள்.
கடைசியில் முதல் படியில் காவலுக்கு நிறுத்தினோம்.
கதவைத் தட்டுகிறவனுக்கு
கதவைக் காக்கத் தெரியாதா.

தொடரில் அந்தக் கூட்டம்
விடிந்ததும் எண்ணும்.
தண்ணீர் இவ்வளவு, தீப்பெட்டி இவ்வளவு, ஆள் ஏழு.
ஒருத்தி குறைந்தால் தேடிப்போகும்,
முட்டாள்தனமென்று தெரிந்தே போகும்.
அந்த இடம் வந்தால் சத்தத்தைக் கூட்டிவிடுவேன்,
பூட்ஸ் வந்தாலும் வரட்டும்.
நான் ஒருநாள் வராவிட்டால்
இந்தக் கூண்டின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி எரியும்.
கார்கள் பக்கத்து வழிக்குத் திரும்பிக்கொள்ளும்.

போன வாரம் அந்த ரசீது என் கைக்கு வந்தது.
கயிறு, டார்ச், உப்பு, நாப்கின்,
அப்புறம் நஸ்ரீனின் கோணல் எழுத்தில்
‘இவ அம்மாவுக்குச் சுகர் மாத்திரை, ஆறு மாசத்துக்கு.’
நான் சொன்ன ஞாபகமே இல்லை.
எப்போதாவது டீ குடிக்கும்போது சொல்லியிருப்பேன்.
மடித்து ஐடி கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு நாலே முக்காலுக்கு ஒரு லாரி,
தார்ப்பாய்க்கடியில் டின்கள்,
பக்கப்பலகையில் மாம்பழப் படம்.
அடுத்த கூண்டிலிருந்து கத்துகிறாள்:
“ஏய், நம்ம ரேஷன் போகுதுடி! விடாத!”
டிரைவர் மிரண்டுபோய்
இருக்கிற பேப்பரையெல்லாம் எடுத்து நீட்டுகிறார்.
டேக் படித்துவிட்டது. கட்டை தூக்கிக்கொண்டது.
போகட்டும், அடுத்த சீசனில் காய்க்காமலா போகும்.

மலைக்குப் பின்னால் வெளுக்கிறது.
எண்ணிப் பார்த்தேன்.
நான், அவள்,
நாற்காலியில் வாய்பிளந்து தூங்கும் முனிராஜ் சார்.
மூன்று பேர்.

ஒரு கண்ணாடி இறங்குகிறது.