தூண் இறக்கும் நாள்

பள்ளத்தூரில் ஒரு வீட்டைப் பிரிக்கிறோம்.
ஏழரைக்கு டீ. சீனி தூக்கலாகச் சொல்வேன்.
அது சில்லறைக் காசு.
கிளாஸைத் திருப்பிக் கொடுப்பதற்குள் ரத்தத்துக்கு வந்துவிடும்,
நாலு வரிசை ஓடு இறக்குவதற்குள்
தீர்ந்தும் விடும்.

காலையில் தின்ற சோறு
மாற்ற வேண்டிய நோட்டு.
குடல் உடைத்து உடைத்துக் கொடுக்கும்.
மிஞ்சியதைக் கல்லீரல் வாங்கிக்
கல்லாவில் போட்டுக்கொள்ளும்.
பதினொரு மணிக்குக் கண் இருட்டும்போது
அந்தக் கல்லா திறக்கிற சத்தம் கேட்கிறது என்பேன்.
சேவுகன் சிரிப்பான்.
பன்னிரண்டாவதில் உயிரியல் படித்ததில்
என்னிடம் தங்கியது இவ்வளவுதான்.

எண்ணெய், கடலை எல்லாம்
பெட்டகத்துச் சொத்து.
ஒரே எடைக்குச் சோற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெறும்,
ஆனால் சாவி மெதுவாகத்தான் திரும்பும்.
திறக்க மூச்சு வேண்டும், நிறைய மூச்சு.
எரிந்த கொழுப்பு எங்கே போகிறது?
பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான்.
போன வருடத் தொப்பையில் பாதியைக்
கானாடுகாத்தான் காற்றில் விட்டுவிட்டு வந்தேன்.

இன்றைக்கு முகப்புத் தூண்கள்.
பர்மாத் தேக்கு, ஒன்றுக்கு எட்டு ஆள்.
எனக்கு எதிர்த் தோள் சேவுகன்.
'ஏத்து' என்று மேஸ்திரி கத்தியபோது
அவன் மூச்சு என் முகத்தில் பட்டது.
குடித்த வாடை இல்லை.
கனிந்து கெட்ட பழம்,
நகப்பூச்சுக் குப்பியைத் திறந்த மாதிரி.

கல்லா காலி.
பெட்டகத்தைத்தான் எரித்துக்கொண்டிருக்கிறான்,
அதுவும் அவனிடம் என்றைக்கும் பெரிதாக இருந்ததில்லை.
இரண்டு நாள், மூன்று நாள் இருக்கலாம்.
ஏன் என்று கேட்கவில்லை.
கூலி பாக்கி எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு உடம்பு
வீட்டையே பிரிக்கும்.
தொடையில் ஒரு கம்பு, புஜத்தில் ஒரு கம்பு
என்று உருவி அடுப்பில் வைக்கும்.
எந்தத் தரகரும் வரமாட்டார்,
யாரும் விலை கேட்கமாட்டார்கள்.

லாரிக்குப் பத்தடி முன்னால் அவன் முழங்கால் ஆடியது.
'இறக்கு' என்றேன். மேஸ்திரி முறைத்தார்.
நாற்பதாயிரம் ரூபாய்த் தூண்
மணலில் படுத்துக்கொண்டது.

ஆண்டிச்சி கடையிலிருந்து
ஒரு டீ, இரண்டு அவித்த முட்டை.
'முதலில் டீயைக் குடி.'
'ஏன்?'
'சில்லறை இல்லாமல் எப்படிடா கடை திறப்பாய்?'

குடித்தான்.
கை நடுக்கம் நிற்கும்வரை
முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தான்.
பிறகு, வாங்கியவர் சாக்பீஸால் எண் போட்டிருந்த
நிலைக்கதவில் தட்டி
ஓட்டை உடைத்தான்.