மூட்டிய கைலி

மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கும் விடுமுறை.
பாம்பன் தெற்குவாடி வலைக்கூடத்தில்
பதினோரு பிள்ளைகள், ஒரு வாளி மைதாப் பசை,
அழைக்காமல் வந்த கச்சான் காற்று.

சனிக்கிழமைக்கு ஒரு நாடு என்பது எங்கள் கணக்கு.
போன வாரம் மலாய்க்காரரின் கெத்துப்பாட்.
தென்னங்குருத்தில் அரிசிக் கூடு முடைய
நான் மூன்றாவது மடிப்பில் சிக்கிக் கிடக்க,
ஆறு முடித்துவிட்ட நூருல் ஹிதாயா
"பினாங்கு மாமி இதுல உப்பே போடமாட்டாக" என்றாள்.

இந்த வாரம் ஜப்பான்.
அங்கே வாசலில் கம்பு நட்டுத்
துணி மீன்களைப் பறக்க விடுவார்கள்.
அப்பாவுக்குப் பெரிசு, கறுப்பு.
பிள்ளைக்கு ஒன்றாகச் சின்னது.

"என்ன மீன் டீச்சர்?"
கெண்டை என்றேன்.
குளத்து மீனைக் கடற்கரையில் கட்டினால்
ஊரு மானம் போயிரும் என்றான் செல்வின்.
சீலா, ஊளி, பாறை என்று தீர்ப்பானது.
பிரின்சிக்குத் திருக்கைதான் வேண்டும்.
அதற்கு வாய் அடியில் அல்லவா,
காற்று எப்படி நுழையும்?
யோசித்துக்கொண்டே வெட்டினாள்.

வளையலைச் சாயத்தில் தோய்த்துச் செதில் அடித்தோம்.
பசை காயுமுன் மணல் வந்து ஒட்டியது.
அதுவும் செதில்தான் என்று விட்டுவிட்டோம்.

மரிய டெனிஸ் மட்டும் எதையும் தொடவில்லை.
மாசியில் படகோடு பிடித்துப் போனார்கள் அவன் அப்பாவை.
யாழ்ப்பாணத்தில் வாய்தா மேல் வாய்தா.
"வீட்ல இல்லாத ஆளுக்கும் கறுப்பு மீன் உண்டா?"

என் கையிலிருந்த தாளில்
கம்பின் உயரம் இருந்தது, துணியின் அளவு இருந்தது.

தெரியலடா என்றேன்.
ஓடிப்போய் ஒரு கைலியோடு வந்தான்.
கறுப்பில்லை, நீலக் கட்டம்.
"வெட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லுச்சு."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.
மூட்டிய கைலி.
இரண்டு பக்கமும் திறந்த குழல்.
மீனாக அதற்கு வேறென்ன வேண்டும்?

வாய்க்கு ஒரு கம்பி வளையம், துணிக்கிளிப் ஒன்பது.
கண்ணுக்கு வலை மிதவை இரண்டு.
ஊசி படவில்லை.

ஏற்றியதும் கச்சான் ஒரே மூச்சில் உள்ளே புகுந்தது.
வயிறு புடைத்து
வால் வடகிழக்கே நீண்டது.
"அந்தப் பக்கந்தானே?"
"அந்தப் பக்கந்தான்" என்றான் செல்வின்,
கடலோடிப் பழகிய ஆள்போல.

பொழுது சாய அம்மா வந்தாள்.
கிளிப்புகளை எண்ணிக் கழற்றி
கைலியை உதறினாள், மடித்தாள்,
இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.

கம்பில் வளையம் மட்டும்.
கீழே பிரின்சி
திருக்கையை மல்லாக்கப் போட்டுப் பார்க்கிறாள்.