ஏழு பாகம்

பிறசர் கூடவாம்.
கிளினிக்கில் சொல்ல,
கொட்டடி மண்டபத்தில் பாய் விரித்தேன்.

"மூலாதாரம்" என்றா சுகிர்தா ரீச்சர்.
கண்ணை மூட
கடலட்டை கிடக்கிற அடிச்சேறு,
முழங்கால் புதைய.

"இழுங்கோ. நிற்பாட்டுங்கோ."
பாசையூரானுக்கா சொல்லித் தரவேணும்?
தீவுகளுக்கு அப்பால் ஏழு பாகத்தில்
மனசுக்குள் ஆறு தரம்
அருள் நிறைந்த மரியே முடியுமட்டும்
நிற்பாட்டினவன்.

"இப்ப விடுங்கோ, மெதுவா."

அங்கைதான் பிழைச்சது.
தொப்புள் தாண்டி, நெஞ்சு தாண்டி ஏறினது
தொண்டைக்குழியில் முட்டி நின்றது.
வள்ளத்தில் இருந்த றெஜினோல்ட்
கயிறு இழுக்காத அன்று
கரைக்கு வந்தும்
நான் கேட்காமல் விட்ட கேள்வி.

பக்கத்துப் பாயில்
கச்சேரிக் கிளாக்கர் குறட்டை விட்டார்.
நான் வாயால் விட்டேன், முழுவதையும்.

"மூக்காலை" என்றா ரீச்சர்.