காணவில்லை

மீன் செதில் சுரண்டும் கத்தி,
தண்ணீர் தெளிக்கும் போத்தல்,
அறுந்து தைத்த தோள்பை.
வால்பரைசோ துறைமுகத்திலிருந்து
மூடுபனி குன்றேறி வருவதற்குள்
இஸ்மேனியா படிக்கட்டுச் சுவரை நனைத்துவிடுவாள்.
மைதாப் பசை இளக வேண்டும்.
ஒரு சிகரெட் நேரம்.

பிறகு உரிப்பாள்.
மேலே போன மாதத் தேர்தல்,
அதற்கடியில் சர்க்கஸ்,
அதற்கும் அடியில் எந்த வருடம் என்று
சுவருக்கே மறந்துபோன ஒரு மஞ்சள்.
இந்த ஊரில் வீடு ஆடும், தெரு ஆடும்,
நிலநடுக்கத்துக்கு மறுநாளும்
சுவரொட்டி ஒட்ட ஆள் வந்துவிடும்.

அவளுக்கு ஒரே விதி:
சுவரில் இல்லாத எதையும் சேர்ப்பதில்லை.
கத்தரிக்கோல் கிடையாது. வண்ணம் கிடையாது.
நான் அப்படியில்லை. சேர்க்கிறவன்.
துருப்பிடித்த நெளிதகடு, படகுக் கயிறு,
பல் மருத்துவர் வீசியெறிந்த தாடை அச்சுகள்,
எதைக் கண்டாலும் ஆணியைத் தேடுவேன்.
ஒரே கொட்டகையில்
பாதி அவளுக்கு, பாதி எனக்கு.
வாடகையும் பாதி என்பது பேச்சு.

கண்காட்சி திறந்த மூன்றாம் வாரம்
ஒருவர் நாயோடு வந்தார்.
நாயை வாசலில் கட்டிவிட்டு
நேரே அந்தப் பெரிய படத்தின் முன் போய் நின்றார்.
வேட்பாளர் ஒருவரின் மோவாய்,
குதிரையின் பின்பாதி,
'வியாழன் தண்ணீர் வராது',
வலது மூலையில், கிழியாமல், முழுசாக:
காணவில்லை. ஒரு காது கறுப்பு.
பெயர் கப்பித்தான்.
கீழே தொலைபேசி எண்.

"திரும்பி வந்துவிட்டான்" என்றார் பவுதிலியோ.
"மூன்றாம் நாளே வந்துவிட்டான்.
இப்போது உங்களால் இருபத்தாறு பேர்
போன் செய்திருக்கிறார்கள்.
எடுத்தால் சிலர் பேசாமல் மூச்சு விடுகிறார்கள்.
நேற்று ராத்திரி ஒரு பெண் அழுதாள்.
நாய் மேசைக்கடியில் இருக்கிறதம்மா,
தின்கிறது, என்று நான்தான் தேற்றினேன்."

எண்ணின் மேல் கறுப்பு மை தடவலாம்
என்றார் காட்சிக்கூடத்துக்காரர்.
ஒரு தகட்டுத் துண்டு வைத்தால், என்று ஆரம்பித்தேன்.
இஸ்மேனியா பார்த்த பார்வையில்
தகடு என் வாயிலேயே நின்றுவிட்டது.

போத்தலை எடுத்தாள். நனைத்தாள்.
கூடத்துக்குள் புகைக்கக் கூடாது,
பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் வைத்து
அதே நேரம் காத்திருந்தாள்.
ஓரத்தில் நகத்தைக் கொடுத்து
ஈரத்தோடு, மெதுவாக,
பாலாடை எடுப்பதுபோல்.

அடியில் இன்னொரு காணவில்லை.
அதே நாய். அதே காது. குட்டி வயசு.
அச்சு இல்லை, பேனா.
இடப்பக்கம் சாய்ந்த எழுத்துகள்,
கடைசி வரியில் இடம் போதாமல்
ஓரமாக ஏறிப்போயிருந்தன.

பவுதிலியோ கண்ணாடியைப் போட்டார்.
கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.
"அந்தத் தடவை பதினோரு நாள்" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"இது என் எழுத்தில்லை."

யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"இந்த எண்ணுக்கு யாரும் கூப்பிட முடியாது.
இணைப்பை நான்தான் போய்த் துண்டித்தேன்.
கையெழுத்துக் கேட்டார்கள்,
இறப்புச் சான்றிதழும்."

கதவுவரை போனவர் திரும்பி வந்தார்.
விலை என்ன என்றார்.
காட்சிக்கூடத்துக்காரர் இஸ்மேனியாவைப் பார்த்தார்.
அவள் சிகரெட்டைப் பார்த்தாள்.
அவர் தொகையைச் சொல்லிவிட்டார்.
பவுதிலியோ நீளமாக ஒரு சீழ்க்கை அடித்தார்.
வாசலில் கப்பித்தான் விசுக்கென்று எழுந்து நின்றான்.

இருவரும் படியிறங்கிப் போனார்கள்,
நாய் முன்னால், கயிறு தொய்வாக.

உரித்த தாளை அவள் தரையிலேயே விட்டிருந்தாள்.
எப்போதும் அப்படித்தான்,
கீழே விழுந்தது அவள் கணக்கில் வராது.
நான் சேர்க்கிறவன்.
எடுத்துக்கொண்டேன்,
எண்ணை மட்டும்
உள்பக்கமாக மடித்து.