எர்த்

கே.வி.குப்பம் தாண்டியதும் முள் சிவப்பைத் தொட்டது.
ஓரங்கட்டினேன்.
மே மாதத்து எட்டு மணி. தார் இன்னும்
பகலைக் கைவிடவில்லை.
பின்சீட்டில் கட்டிய ஐஸ்பெட்டிக்குள்
குடியாத்தத்து முப்பத்தொரு பேரின் இரத்தம்
நான்கு டிகிரியில் அமைதியாக இருந்தது.

ஹெட்லைட்டை அணைக்கவில்லை,
லாரிக்காரர்களுக்கு நான் தெரிய வேண்டுமே.
ரேடியேட்டர் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனேன்.
வெயிலில் கிடந்த சொம்பின் சூடு, அவ்வளவுதான்.
ஃபேன்கூடச் சுற்றவில்லை.
டப்பாவில் பச்சைத் தண்ணீர்
இரண்டு கோடுகளுக்கு நடுவில் அசையாமல்.
கைக்கும் முள்ளுக்கும் ஒத்துப்போகவில்லை.
நான் முள்ளை நம்பினேன்.
அச்சடித்த எண்ணுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

விருதம்பட்டு முனவ்வர் மறுநாள் மத்தியானம்
பாலாற்றுப் பாலம்வரை ஓட்டிப் பார்த்தார்.
"ஒண்ணும் இல்லியேம்மா, நடுவுலயே நிக்குது."
பிறகு ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காக
சென்சாரை மாற்றினார். ஆயிரத்து நூற்றைம்பது.
அடுத்த வாரம் தெர்மோஸ்டாட். தொள்ளாயிரம்.
பழையவற்றைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்,
நேர்மையான மனிதர்.

அன்று இரவும் வழியில் மூன்று முறை நின்றேன்.
லேபில் ஜெபசீலி கடிகாரத்தைப் பார்த்தாள்.
வண்டிக்குக் காய்ச்சல் என்றேன்.
"ராத்திரி மட்டும் வர்ற காய்ச்சலா?
ஒரு சொட்டு ஆயில் குடு, ஸ்லைடு போட்டுப் பாக்கலாம்."
சிரித்தோம்.
ராத்திரி மட்டும் என்று அவள் சொன்னது
வீட்டுக்கு வந்து, குளித்து, படுத்த பிறகும்
காதில் கிடந்தது.

வியாழக்கிழமை லத்தேரி கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில்.
எதிர்ப்பக்கம் ஒரு டிவிஎஸ்காரர்
கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு என்னைத் திட்டினார்.
லைட்டை அணைத்தேன்.
பெட்டிகளை எண்ணுவது என் பழக்கம்.
பதினாறாவது பெட்டியில் முள் சிவப்பைவிட்டு நகர்ந்தது.
முப்பதில் பாதிக்கு வந்துவிட்டது.
நாற்பத்திரண்டோடு ரயில் முடிந்தது.
லைட்டைப் போட்டேன்: ஏறியது.
அணைத்தேன்: இறங்கியது.
கேட் திறந்து, பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்க
நான் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
பைத்தியம்போல.

ஞாயிறு காலை டேங்கைக் கழற்றினேன்.
ஹேண்டிலுக்கு அடியில் ஒரு போல்ட்,
அதில் எல்லாக் கறுப்பு ஒயர்களும் வந்து சேர்கின்றன,
லைட்டின் ஒயர், மீட்டரின் ஒயர், ஹாரனின் ஒயர்.
எனக்கு முன்னால் ஓட்டிய மூன்று பேரில் யாரோ
அதன்மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.
பெயின்டுக்கு அடியில் பச்சைப் பாசிபோல் களிம்பு.
திரும்பிப் போக நல்ல வழியில்லாத மின்சாரம்
லைட் எரியும்போதெல்லாம் முள்ளைத் தள்ளியிருக்கிறது.
ஏழு ரூபாய் உப்புத்தாள்.
செம்பு சிவக்கும்வரை தேய்த்தேன்.

இனி வண்டியில் வேலை இல்லை.
ஆனாலும் காகிதத்தைப் பிரித்து
அந்தப் பழைய சென்சாரை எடுத்துக்கொண்டு
மூலை டீக்கடைக்குப் போனேன், மல்டிமீட்டரோடு.
பாய்லரிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டேன்.
"டீத்தூளு போடாமலா?"
முதலில் காற்றில் வைத்துப் பார்த்தேன்: ஆயிரத்துச் சொச்சம்.
வெந்நீரில் முக்க முக்க
எண்ணூறு, நானூறு, இருநூற்றுப் பத்து.
சூடு ஏற ஏறக் குறைத்துச் சொல்வது அதன் பாஷை.
ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.
நடுவில் ஆறவிட்டு மறுபடி முக்கினேன்.
அதே எண்கள், அதே வரிசை.

கடைக்காரர் டம்ளரைத் திரும்பக் கேட்டார்.
துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.